ரேகை விழாத விரலும் ஆளில்லாத ஏடிஎம்மும்: சென்னையை முன்வைத்து ஒரு நிகழ்வு ஆய்வு

சென்னையில் கார்டும் பின் நம்பரும் இல்லாமல், ஆதார் எண்ணையும் ஒரு விரலையும் மட்டும் வைத்து வங்கிக் கணக்கிலிருந்து பணம் எடுக்க முடியும். ஆனால் அதற்குப் போக வேண்டிய இடம் ஏடிஎம் அல்ல. ரீசார்ஜ் கடை, மளிகைக் கடை, ஜெராக்ஸ் கடை என்று ஏதோ ஒன்றில் வங்கி முகவர் ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவர் மேசையில் உள்ளங்கைக்குள் அடங்கும் கைரேகைக் கருவி இருக்கும். நான்கு கடை தள்ளி, சில லட்ச ரூபாய் மதிப்புள்ள ஏடிஎம் நிற்கும். அதில் விரல் வைக்க இடமே இருக்காது.

கைரேகை ஏடிஎம் இந்தியாவுக்குப் புதிய யோசனை அல்ல. ஏறத்தாழ இருபது ஆண்டுகளாகப் பேசியும் செய்தும் பார்த்தாயிற்று. அந்த முயற்சிகளில் முக்கியமான ஒன்று சென்னையிலேயே பிறந்தது. அப்படியிருந்தும் ரேகை கடைக்குப் போனது, ஏடிஎம்முக்குப் பரவலாக வரவில்லை. எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: ரேகை பொருந்தினால் என்ன நடக்க வேண்டும் என்பதற்கு எல்லா ஏற்பாடும் இருக்கிறது. பொருந்தாவிட்டால் என்ன நடக்க வேண்டும் என்பதற்கு ஏடிஎம்முக்குள் ஏற்பாடு இல்லை. கடையில் அந்த இடைவெளியை ஒரு மனிதர் நிரப்புகிறார். "தொடைச்சுட்டு வைங்கம்மா", "அந்த விரல் வேணாம், நடுவிரல் வைங்க" என்று அவர் சொல்லும் இரண்டு வார்த்தைகள்தான் கருவியின் பாதி வேலையைச் செய்கின்றன.

இதுவரை நடந்தது

ஐஐடி மெட்ராஸின் ஆதரவில் வளர்ந்த வோர்டெக்ஸ் எஞ்சினியரிங் என்ற சென்னை நிறுவனம், கிராமங்களுக்கென்றே 'கிராமடெல்லர்' என்ற ஏடிஎம்மை உருவாக்கியது. வழக்கமான இயந்திரம் நோட்டை அடியிலிருந்து பெல்ட்டுகளால் மேலே ஏற்றித் தள்ளும். இதில் நோட்டு புவியீர்ப்பில் கீழே இறங்கி வரும். அதனால் மின்சாரம் மிகக் குறைவாகச் செலவாகும், சூரியத் தகட்டில் ஓடும், குளிர்சாதனம் வேண்டாம், கசங்கிய பழைய நோட்டையும் எண்ணிக் கொடுக்கும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காகக் கைரேகை வசதியும் சேர்க்கப்பட்டது. இயந்திரப் பொறியியலில் இது அருமையான சாதனை. ரேகையின் சிக்கல் வேறிடத்தில் இருந்தது. ஆதாருக்கு முந்தைய அந்தக் காலத்தில், ஒவ்வொரு வாடிக்கையாளரின் ரேகையையும் அந்தந்த வங்கியே பதிவு செய்தாக வேண்டும். ஒரு வங்கியில் பதிந்த விரலை இன்னொரு வங்கியின் இயந்திரம் அடையாளம் காணாது. ஏடிஎம்மின் பயனே எந்த வங்கி இயந்திரத்திலும் எடுக்கலாம் என்பதுதான். ரேகை வந்ததும் அது போய்விட்டது.

முதல் ஆதார் எண் 2010 செப்டம்பர் 29 அன்று வழங்கப்பட்டது. பத்து விரல், இரண்டு கருவிழி, முகப்படம் என்று நாடு முழுவதற்கும் ஒரே பதிவேடு உருவானதும் மேற்சொன்ன தடை நீங்கியது. அதன்மேல் என்பிசிஐ (வங்கிகளுக்கு இடையிலான பணப் பரிமாற்றங்களை நடத்தும் தேசிய அமைப்பு) எழுப்பியதுதான் ஏஇபிஎஸ் என்கிற ஆதார் வழிப் பணப் பரிமாற்றம். 2016-இல் டிசிபி வங்கி, ஆதார் எண்ணும் விரலும் வைத்தால் பணம் தரும் ஏடிஎம்மை அறிமுகம் செய்தது. அதே ஆண்டு செப்டம்பரில் ரிசர்வ் வங்கி, 2017 ஜனவரி 1 முதல் புதிதாக நிறுவும் கார்டு ஏற்புக் கருவிகள் ஆதார் உயிரளவையையும் (ரேகை, கருவிழி போன்ற உடல் அடையாளங்கள்) ஏற்க வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பியது. காலக்கெடு பின்னர் தள்ளிப்போனது. 2018 செப்டம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றம், வங்கிக் கணக்கோடு ஆதாரைக் கட்டாயமாக இணைக்கச் சொன்ன விதியை நீக்கியது. அதன்பின் ஆதார் என்பது வாடிக்கையாளர் விரும்பினால் தரும் வழி ஆயிற்று. எல்லா ஏடிஎம்மிலும் ஸ்கேனர் பொருத்தச் செலவு செய்ய வங்கிகளுக்கு இருந்த காரணம் வலுவிழந்தது. 2022 மே மாதம் கார்டில்லாமல் யுபிஐ மூலம் எல்லா வங்கி ஏடிஎம்மிலும் பணம் எடுக்க ரிசர்வ் வங்கி வழி செய்தபோது, ஸ்மார்ட்போன் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தேவையே இல்லாமல் போனது. மீதி நிற்பவர்கள் ஸ்மார்ட்போன் இல்லாதவர்கள், பின் நம்பர் நினைவில் நிற்காதவர்கள், வயதானவர்கள். இந்த ஆய்வு அவர்களை மனதில் வைத்துத்தான்.

விரல் வைத்ததும் நடப்பது

கார்டு ஏடிஎம்மில் பின் நம்பரை அழுத்தியதும் விசைப்பலகைக்குள்ளேயே அது மறையாக்கப்படும். வெளியே போவது 8 பைட் அளவுள்ள ஒரு துண்டு. ரேகையில் நிலைமை வேறு. ஸ்கேனர் 500 டிபிஐ (அங்குலத்துக்கு 500 புள்ளி) அளவில் படம் எடுத்து, ரேகைக் கோடுகள் முடியும் இடங்களையும் கிளைபிரியும் இடங்களையும் குறித்து, அவற்றையும் படத்தையும் நேர முத்திரையையும் ஒரே பொட்டலமாக்கி, ஆதார் ஆணையத்தின் பொதுச் சாவியால் பூட்டி அனுப்புகிறது. இதன் அளவு கிலோபைட் கணக்கில் போகும். நடுவில் இருக்கும் வங்கியோ என்பிசிஐயோ இதைத் திறக்க முடியாது, சேமித்து வைக்கவும் கூடாது. ஆதார் ஆணையத்திலிருந்து வருவது ஆம் அல்லது இல்லை என்ற பதில்தான், இல்லையென்றால் கூடவே ஒரு காரணக் குறியீடும் வரும். அதன்பிறகு கணக்குள்ள வங்கி பற்று வைக்கும், கடைசியில்தான் நோட்டு வெளியே வரும். பல இடங்களைத் தொட்டு வரும் பயணம் இது. கார்டில் இரண்டு மூன்று நொடியில் முடிவது, இணைப்பு மந்தமாக இருந்தால் இதில் பல மடங்கு நீளும்.

கார்டு இல்லையென்றால் ஆதார் எண்ணை அழுத்த வேண்டும். 12 இலக்கம். இங்கேயே பலர் தடுமாறுவார்கள். ஒரு நல்ல செய்தி: ஆதாரின் கடைசி இலக்கம் வெர்ஹோஃப் முறையில் கணக்கிட்ட சரிபார்ப்பு இலக்கம். ஒரு எண் மாறினாலும், பக்கத்துப் பக்கத்து எண்கள் இடம் மாறினாலும் இயந்திரமே, எங்கும் கேட்காமல், தவறென்று சொல்லிவிடலாம். இதைச் செய்யாத மென்பொருள் தப்பான எண்ணை ஆதார் ஆணையம் வரை அனுப்பி, அரை நிமிடம் கழித்துப் "பொருந்தவில்லை" என்று காட்டும். பெரியவர் தன் விரலைத்தான் சந்தேகப்படுவார்.

இன்னொன்று வங்கித் தேர்வு. ஏஇபிஎஸ்-இல் எந்த வங்கியில் கணக்கு என்பதைப் பயனாளி சொல்ல வேண்டும். கடைக்காரர் பாஸ்புக்கைப் பார்த்துச் சரியான பெயரைத் தொடுவார். இயந்திரத்தில் நீளமான பட்டியலில் ஒரே மாதிரிப் பெயர்கள் வரிசையாக நிற்கும். இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி இரண்டுக்கும் தலைமையகம் சென்னை, இரண்டுக்கும் இங்கே ஏராளமான வாடிக்கையாளர்கள். தப்பான பெயரைத் தொட்டால் விரல் சரியாக இருந்தும் பணம் வராது. எனவே பெயரோடு வங்கியின் சின்னத்தையும் பெரிதாகக் காட்டுவது அலங்காரம் அல்ல, தேவை.

சென்னையின் விரல்கள்

ரேஷன் கடையில் "ரேகை விழல, நாளைக்கு வாங்க" என்ற பேச்சைக் கேட்காத குடும்பம் இந்த நகரத்தில் குறைவு. அதே விரல்கள்தான் ஏடிஎம்முக்கும் வரப்போகின்றன.

காசிமேட்டில் மீன் பிரிப்பவர்களின் கை காலை முழுக்க ஐஸ் தண்ணீரில் கிடக்கும். தோல் சுருங்கி, மடிப்புகள் ரேகைக் கோடுகளுக்குக் குறுக்கே ஓடும். கட்டட வேலைக்காரர்களுக்குச் சிமென்ட்டும் சுண்ணாம்பும் தோலை அரித்துவிடும். கோடே மழுங்கிவிடும். கோயம்பேட்டில் மூட்டை தூக்குபவர்களுக்குக் கோணியின் உராய்வு, அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுபவர்களுக்கு எண்ணெயும் இரும்புத் துகளும், பல வீடுகளில் பாத்திரம் தேய்ப்பவர்களுக்குச் சோப்புத்தூள். வயதானால் தோலின் நெகிழ்வு போய், விரலை அழுத்தும்போது கோடுகள் படுத்துவிடும். இத்தனைக்கும் மேலே சென்னையின் ஈரப்பதம். வெயிலிலிருந்து வந்தவரின் விரல் வியர்வையில் மிதக்கும், கோடுகளுக்கு இடையிலுள்ள பள்ளம் நிரம்பி, படம் கறுப்புத் திட்டாக வரும். ஏசி அறையில் நெடுநேரம் வரிசையில் நின்றவரின் விரலோ காய்ந்து, கோடுகள் புள்ளி புள்ளியாக உடைந்து வரும். ஒரே கருவி இரண்டையும் சமாளிக்க வேண்டும்.

எவ்வளவு பேருக்கு விழாது? ஆதார் ஆணையம் 2012-இல் வெளியிட்ட கள ஆய்வின்படி, ஒருவரின் மிகச் சிறந்த விரலை ஒரே முறை வைத்தால் 93.5% பேருக்குப் பொருந்தியது. மூன்று முறை வரை முயன்றால் 96.5%. சிறந்த இரண்டு விரல்களைப் பல முறை முயன்றால் 99 சதவீதம். இந்த மூன்று எண்ணையும் ஒரு ஏடிஎம்மில் பொருத்திப் பார்ப்போம். நாளொன்றுக்கு 150 பேர் விரல் வைக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டால், ஏறக்குறைய 10 பேருக்கு முதல் தடவை விழாது. ஒற்றை விரல் மட்டும் ஏற்கும் இயந்திரமென்றால், மூன்று முறை முயன்றும் 5 பேர் வெறுங்கையோடு திரும்புவார்கள். இரண்டு விரல் கேட்டால் திரும்புவது ஒருவரோ இருவரோ. அதுவும் இது சிறந்த விரல் எதுவென்று தெரிந்தவர்களின் கணக்கு. ஏடிஎம் முன் நிற்பவருக்கு அது தெரியாது. பழக்கதோஷத்தில் பெருவிரலை நீட்டுவார், ஏனென்றால் கைநாட்டு என்றால் நமக்குப் பெருவிரல்தான். ஆதாரில் பதிந்த பத்து விரலில் எதுவும் செல்லும் என்பதும், வேலையில் குறைவாக உரசும் மோதிர விரல் பலருக்கு நன்றாக விழும் என்பதும் யாராவது சொன்னால்தான் தெரியும். முதல் முறை விழாவிட்டால் "மீண்டும் முயலவும்" என்று காட்டுவது வீண். அதே விரலை அதே ஈரத்தோடு வைத்தால் அதே முடிவுதான் வரும். திரையும் ஒலியும் விரலை மாற்றச் சொல்ல வேண்டும்.

விரலே இல்லாதவர்கள் இருக்கிறார்கள். தொழுநோயால் விரல் இழந்தவர்கள், இயந்திரத்தில் கை போனவர்கள். அவர்களுக்குக் கருவிழி அல்லது முகம், அதுவும் இல்லையென்றால் கார்டும் பின்னும். எந்த ஏடிஎம்மிலும் ரேகையை ஒரே வழியாக வைக்கக் கூடாது என்பதில் எங்களுக்கு இரண்டாம் கருத்து இல்லை.

ஜப்பான் இதற்கு வேறு வழி கண்டது. 2004 முதல் அங்குள்ள வங்கிகள் தோலின் மேற்கோட்டை விட்டுவிட்டு, உள்ளங்கையிலும் விரலிலும் ஓடும் நரம்புத்தடத்தை (ரத்தநாளங்களின் தடத்தை) அகச்சிவப்பு ஒளியில் படிக்கத் தொடங்கின. அது சிமென்ட்டில் தேயாது, சோப்பில் அழியாது. பதிவைக் கார்டின் சிப்புக்குள்ளேயே வைத்துவிட்டால் நடுவண் பதிவேடும் வேண்டாம். 2011 நிலநடுக்கத்தில் கார்டையும் பாஸ்புக்கையும் இழந்தவர்களைப் பார்த்தபின், ஓகாகி கியோரிட்சு வங்கி 2012-இல் கார்டே இல்லாமல் உள்ளங்கை, பிறந்த தேதி, பின் நம்பர் ஆகியவற்றைக் கொண்டு பணம் தரும் ஏடிஎம்மைத் தொடங்கியது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் வீட்டோடு கார்டும் கைபேசியும் போன சென்னைக்காரர்களுக்கு இந்தத் தேவை புரியும். ஆனால் நம் ஆதாரில் நரம்புத்தடம் கிடையாது. ஒவ்வொரு வங்கியும் புதிதாகப் பதிய வேண்டும், கிராமடெல்லர் காலத்துப் பழைய சிக்கல் திரும்ப வரும்.

இயந்திரத்துக்குள் வரும் தகராறு

ஸ்கேனரை ஏடிஎம்மின் முகப்பில் பொருத்துவது ஆணி அடிக்கும் வேலை அல்ல. 2018 ஜூன் மாதம் ரிசர்வ் வங்கி, ஏடிஎம்களில் யுஎஸ்பி வாயில்களை முடக்கவும், அனுமதித்த மென்பொருள் மட்டுமே ஓடும்படி பூட்டவும் உத்தரவிட்டது. கைரேகைக் கருவி யுஎஸ்பியில்தான் இணைகிறது. ஆகவே வாயிலை முழுதாகத் திறந்துவிடாமல், குறிப்பிட்ட கருவியின் அடையாள எண்ணை மட்டும் அனுமதிக்க வேண்டும். கருவி பழுதாகி, வேறு மாடலை மாட்டிவிட்டுப் போகும் பணியாளர் இந்த எண்ணை மாற்ற மறந்தால் இயந்திரம் அதைப் பார்க்கவே பார்க்காது. இது அடிக்கடி நடக்கக்கூடியது.

கருவியோடு வரும் ஆர்டி சேவை என்ற மென்பொருள், கணினிக்குள் 11100 முதல் 11120 வரையுள்ள போர்ட்டுகளில் (மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசும் எண்ணிட்ட தடங்கள்) ஒன்றில் காத்திருக்கும். ஏடிஎம் செயலி அந்த வரிசையைத் தேடித்தான் கருவியைக் கண்டுபிடிக்கும். மின்வெட்டுக்குப் பிறகு இயந்திரம் எழும்போது செயலி முதலில் எழுந்து, சேவை பின்னால் எழுந்தால், "கருவி இல்லை" என்று முடிவுகட்டி அடுத்த மறுதொடக்கம் வரை அப்படியே நிற்கும். ஒரு தடவை தேடி நிறுத்தாமல், விரல் கேட்கும் ஒவ்வொரு முறையும் தேடும்படி எழுதினால் இது தீரும். ஆர்டி சேவை தன்னைப் புதுப்பித்துக்கொள்ள முயலும்போது மென்பொருள் பூட்டு அதைத் தடுக்கும், சான்றிதழ் காலாவதியாகும், ஒரு நாள் காலையில் அத்தனை ஏடிஎம்மிலும் ஒரே நேரத்தில் ரேகை நின்றுபோகும். புதுப்பிப்பை வங்கியே சோதித்து, ஒப்பமிட்டு, மாதமொரு முறை தள்ளுவது நல்லது.

கருவி எல்1 வகையாக இருக்க வேண்டும். இதில் மறையாக்கம் கருவியின் பாதுகாக்கப்பட்ட சில்லுக்குள்ளேயே முடிந்துவிடும். முந்தைய எல்0 வகையில் அது கணினியின் மென்பொருளில் நடந்தது. ஆளில்லாத அறையில், பின்பக்கக் கதவைத் திறந்தால் கம்பியில் கைவைக்க முடியும் என்ற நிலையில், எல்0 பொருத்தமே இல்லை.

பௌதிகமான விஷயங்கள்: ஒளியியல் கருவி என்றால் மாலை வெயில் நேராக விழும் மேற்குப் பார்த்த கண்ணாடி அறையில் அது திணறும். மேலே ஒரு சிறிய மறைப்புத் தகடு போதும். கடலோரத்தில் உப்புக்காற்று யுஎஸ்பி முனைகளில் பச்சை படிய வைக்கும். முனையை ரப்பர் வளையம் போட்டு அடைத்து, மூன்று மாதத்துக்கொரு முறை கழற்றிப் பார்க்க வேண்டும். கண்ணாடிப் பரப்பில் எண்ணெய், விபூதி, மஞ்சள், குங்குமம் படியும். பஞ்சு உதிராத துணியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைக்கலாம், பரப்பின்மேல் நேரடியாகத் தெளிக்கக் கூடாது. சிலிக்கோன் பூச்சுள்ள பரப்பென்றால் தயாரிப்பாளர் சொன்னபடி மட்டுமே. காவலாளியின் வேலைப் பட்டியலில் இதைச் சேர்த்து, கருவிக்குப் பக்கத்தில் ஒரு உலர்ந்த துண்டைக் கட்டித் தொங்கவிட்டாலே முதல் முயற்சியில் பொருந்துவோர் கூடுவார்கள். விலையுயர்ந்த கருவி வாங்குவதற்கு முன் இதைச் செய்து பார்க்க வேண்டும்.

பணம் வராமல் கணக்கில் கழிந்தால்

மக்களை ரேகையை விட்டு விரட்டுவது இதுதான். பொருந்தியது, கணக்குள்ள வங்கி பற்று வைத்துவிட்டது, பதில் திரும்பி வருவதற்குள் ஏடிஎம்மின் காத்திருப்பு நேரம் தீர்ந்தது. இயந்திரம் "பரிவர்த்தனை தோல்வி" என்று காட்டிவிட்டு முகப்புக்குத் திரும்புகிறது. அந்த நொடியே, கழித்ததைத் திரும்ப வரவு வைக்கச் சொல்லும் ரிவர்சல் செய்தி கிளம்ப வேண்டும். கிளம்பிய செய்தியும் வழியில் தொலைந்தால் அடுத்த நாள் கணக்குச் சரிபார்ப்பில்தான் பிடிபடும். கார்டு பரிவர்த்தனைக்கு வைத்த காத்திருப்பு நேரத்தையே ரேகைக்கும் வைத்துவிடுவதுதான் இங்கே வழக்கமான தவறு. பயணம் நீளமென்பதால் ரேகைக்குத் தனிக் கால அளவு வேண்டும்.

2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி இதற்கு விதி வகுத்தது. பணம் வராமல் கழிந்த தொகை 5 நாட்களுக்குள் திரும்ப வர வேண்டும், தாண்டினால் நாளொன்றுக்கு ₹100 இழப்பீடு. இது கார்டு ஏடிஎம்முக்கும் ஏஇபிஎஸ்-க்கும் பொருந்தும். ஆனால் கேட்பதற்குக் கையில் சீட்டு வேண்டும். ரேகை ஏடிஎம்மில் தோற்ற பரிவர்த்தனைக்கும் சீட்டு அச்சாக வேண்டும், அதில் பரிவர்த்தனை எண்ணும் ஆதாரின் கடைசி நான்கு இலக்கமும் இருக்க வேண்டும். காகிதத்தை மிச்சம் பிடிக்க இந்தச் சீட்டை நிறுத்துவதை நாங்கள் எதிர்க்கிறோம். கணக்கோடு கைபேசி எண் இணைக்காத பெரியவருக்கு இருக்கும் ஒரே சான்று அதுதான்.

தோல்விக்கான காரணத்தையும் மறைக்கக் கூடாது. ஆதார் ஆணையம் குறியீட்டோடுதான் பதில் தருகிறது: 300 என்றால் ரேகை பொருந்தவில்லை, 330 என்றால் உரியவரே தன் உயிரளவையைப் பூட்டி வைத்திருக்கிறார், 811 என்றால் பதிவேட்டில் அந்த உயிரளவையே இல்லை. முதலாமவர் விரலை மாற்ற வேண்டும், இரண்டாமவர் ஆதார் செயலியில் பூட்டைத் திறக்க வேண்டும், மூன்றாமவர் ஆதார் மையத்துக்குப் போக வேண்டும். மூவருக்கும் ஒரே வாசகத்தைக் காட்டினால் மூவரும் மாறி மாறி விரலைத் தேய்த்துக்கொண்டு நிற்பார்கள்.

களவு

நான்கு இலக்கப் பின்னை மூன்று முறை ஊகிப்பவருக்கு வாய்ப்பு 10,000-இல் 3. ரேகைக் கருவியையும் இதற்கு நிகரான கடுமையில் அமைக்கலாம். ஆனால் ரேகைத் திருட்டு ஊகத்தால் நடப்பதில்லை. நாட்டின் பல மாநிலங்களில், இணையத்தில் கிடைத்த நிலப்பதிவு ஆவணங்களின் நகல்களிலிருந்து பெருவிரல் ரேகையை எடுத்து, சிலிக்கோனிலோ பசையிலோ போலி விரல் வார்த்து, ஏஇபிஎஸ் வழியே பணம் எடுத்த கும்பல்கள் பிடிபட்டிருக்கின்றன. அதே ஆவணத்தில் ஆதார் எண்ணும் இருந்தது. ஒரே தாளில் பூட்டும் சாவியும். பத்திரப் பதிவில் வைப்பதும் பெருவிரல், பணம் எடுக்க நீட்டுவதும் பெருவிரல். மோதிர விரலைப் பழக்குவதற்கு இது இரண்டாவது காரணம்.

2023-இல் ஆதார் ஆணையம் படத்தையும் கோட்டுப் புள்ளிகளையும் சேர்த்துப் பார்த்து, உயிருள்ள விரலா என்று கணிக்கும் முறையைக் கொண்டுவந்தது. ஏஇபிஎஸ் முகவர்களைச் சரிபார்ப்பதற்கான ரிசர்வ் வங்கியின் 2025 ஜூன் விதிகள் 2026 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தன. மூன்று மாதம் செயல்படாத முகவர் மறுபடி தொடங்குமுன் அவரை மீண்டும் சரிபார்க்க வேண்டும் என்பது அதில் ஒன்று. முகவர் இல்லாத ஏடிஎம்மில் முகவரே ஏமாற்றும் ஆபத்து இல்லை, ஆனால் போலி விரலோடு நிற்பவரைப் பார்க்கவும் ஆளில்லை. ஆகவே கருவியின் உயிர்ச்சோதனையோடு, விரலும் முகமும் ஒரே சட்டகத்தில் விழும் கோணத்தில் கேமரா வேண்டும். ஒரே இயந்திரத்தில் அரை மணிக்குள் வெவ்வேறு ஆதார் எண்கள் தொடர்ந்து தோற்றால் தானே ரேகை வழியை மூடிக்கொள்ளும் விதியும் வேண்டும். மூன்று முறை தோற்றவரின் கணக்கை, பின் நம்பருக்குச் செய்வதுபோல் பூட்டுவது மட்டும் கூடாது. தேய்ந்த விரலுக்கான தண்டனையாகத்தான் அது முடியும்.

வாடிக்கையாளர் செய்யக்கூடியவை சில. ரேகையால் பணம் எடுக்காதவர் ஆதார் செயலியில் உயிரளவையைப் பூட்டி வைக்கலாம், வங்கியில் எழுதிக் கொடுத்து ஏஇபிஎஸ்-ஐயே நிறுத்தலாம். தெரியாமல் பணம் போனால் உடனே வங்கிக்கும் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் சொல்ல வேண்டும். வாடிக்கையாளர் தவறோ வங்கியின் தவறோ இல்லாமல் மூன்றாம் ஆளால் நடந்த மோசடியை, வங்கித் தகவல் கிடைத்த 3 வேலை நாட்களுக்குள் சொன்னால் இழப்பு வாடிக்கையாளருடையது அல்ல என்று ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று விதி வகுத்தது.

காசிமேட்டில் ஒன்று வைப்பதானால்

மேற்சொன்ன அத்தனையும் ஒரே இடத்தில் சோதனைக்கு வரும் இடம் என்பதால் காசிமேட்டை எடுத்துக்கொள்கிறோம். ஈரக்கை, உப்புக்காற்று, விடிகாலை நெரிசல், கையில் பணம் உடனே வேண்டும் என்ற அவசரம். இங்கே நின்றால் நகரத்தில் எங்கும் நிற்கும்.

கார்டும் பின்னும் இருக்கும் ஏடிஎம்மிலேயே ரேகையை இரண்டாம் வழியாகச் சேர்க்க வேண்டும். ரேகைக்கெனத் தனி இயந்திரம் வேண்டாம். ஸ்கேனரின் உயரம் தரையிலிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டர், விரல் இயல்பாகச் சரியும் சாய்வில். பக்கத்தில் துண்டு. திரையில் எழுத்தைக் குறைத்து, விரலைக் காட்டும் படத்தைப் பெரிதாக வைக்க வேண்டும். ஒலி பேச்சுத் தமிழில்: "ஈரமா இருந்தா தொடைச்சுட்டு வைங்க", "இந்த விரல் விழல, மோதிர விரல் வைங்க". ஏஇபிஎஸ்-இல் ஒரு தடவைக்கு உச்சவரம்பு ₹10,000 என்பதையும், கணக்குள்ள வங்கி அதற்குக் கீழே நாள் வரம்பு வைத்திருக்கலாம் என்பதையும் தொகை கேட்குமுன் சொல்லிவிட வேண்டும்.

முதல் நான்கு வாரம் காலை 5 மணி முதல் 11 மணி வரை ஓர் ஆள் அங்கே நிற்க வேண்டும். காவலாளி அல்ல, பயிற்சி பெற்றவர். அவர் பயனாளியின் ஆதார் எண்ணைத் தொடக் கூடாது, திரையையும் தொடக் கூடாது. வாயால் மட்டுமே சொல்ல வேண்டும். எந்த வார்த்தை சொன்னபோது ரேகை விழுந்தது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். இயந்திரத்தின் ஒலிப்பதிவில் பிறகு சேர வேண்டியவை அந்த வார்த்தைகள்தான்.

பதிவேட்டில் நான்கு எண் போதும்: விரல் வைத்தவர் எத்தனை பேர், முதல் முயற்சியில் எத்தனை பேருக்கு விழுந்தது, கடைசிவரை விழாமல் திரும்பியவர் எத்தனை பேர், பணம் வராமல் கழிந்தது எத்தனை. இவற்றை நாள்வாரியாக மட்டும் பார்த்தால் பயனில்லை, மணிவாரியாகப் பிரிக்க வேண்டும். காலை 6 மணிக்கு ஐஸில் கைவைத்துவிட்டு வந்தவரும், மாலை 6 மணிக்குக் குளித்துவிட்டு வந்தவரும் ஒரே ஆளாக இருக்கலாம், இரண்டு விரலாகத்தான் கருவிக்குத் தெரியும். ஆள் விலகிய ஐந்தாம் வாரத்தில் மூன்றாவது எண் எவ்வளவு ஏறுகிறது என்பதை வைத்துத்தான் அடுத்த ஏடிஎம்முக்கு ஸ்கேனர் வாங்குவதா வேண்டாமா என்று வங்கி முடிவு செய்ய வேண்டும். இரு மடங்காக ஏறினால் ஆளைத் திரும்ப நிறுத்திவிட்டு, ஒலிப்பதிவைத் திருத்தி, மறுபடி நான்கு வாரம் எண்ண வேண்டும்.